அயல் வீட்டு ஆசான்கள்

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்தவர்கள் நாம். மும்பையின் மாதுங்காவிலும் தாராவியிலும், செம்பூரிலும் முலுண்டிலும், அப்பால் டோம்பிவிலியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல இன்று மூன்றாம் நான்காம் தலைமுறையைக் கண்டுவிட்டன. முன்னே வந்தவர்களுள் சிலர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலகங்களில் அமர்ந்தனர். வேறு சிலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்தனர். கையில் நாலு காசு சேர்ந்ததும் கோயில் எடுத்தனர், சங்கம் அமைத்தனர், 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் போன்ற நிறுவனங்களைத் தோற்றுவித்துப் பள்ளிகளையும் நடத்தினர்.

இவர்கள் ஈட்டிய பொருளுக்குக் கணக்கு உண்டு. வாங்கிய வீடுகளுக்குப் பத்திரம் உண்டு. இந்நகரத்தில் இவர்கள் நாள்தோறும் கற்றுக்கொண்டவற்றுக்கு மட்டும் கணக்கும் இல்லை, பத்திரமும் இல்லை. மின்சார ரயிலில் எந்த நிலையத்தில் நடைமேடை எந்தப் பக்கம் வரும் என்பதை நமக்குச் சொன்னவர் யார்? விரார் வண்டியில் ஏறிவிட்டுப் போரிவலியில் இறங்க எண்ணுவது எத்துணைப் பேதைமை என்று முதல் நாளே எச்சரித்தவர் யார்? ஆனி ஆடி மழைக்கு முன்னே அரிசியையும் பருப்பையும் எப்படிப் பத்திரப்படுத்துவது என்று காட்டிய அம்மையார் எந்த வீட்டுக்காரர்? பெயரும் முகமும் மறந்துபோயின. கற்றது மட்டும் நம்மோடு ஒட்டிக்கொண்டு, நாமே பிறவியில் கொண்டுவந்தது போல் ஆகிவிட்டது.

இதைப் பற்றியே இம்மாதம் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறோம்.

திருக்குறளில் கல்வி என்ற அதிகாரத்தையும் கல்லாமை என்ற அதிகாரத்தையும் அடுத்துக் கேள்வி என்று தனியே ஓர் அதிகாரம் இருப்பதை நேயர்கள் அறிவார்கள். ஏட்டில் கற்பது ஒன்று, பிறர் சொல்லக் கேட்டுக் கற்பது மற்றொன்று என்று வள்ளுவர் பிரித்தே வைத்தார். பள்ளிக்கூடத்துக் கல்விக்கு நம் வீடுகளில் குறைவில்லை. மாதச் சம்பளத்தில் பாதியைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கத் தயங்காத இனம் இது. கேள்வி என்னும் இரண்டாவது செல்வத்தில்தான் நம்மிற் பலர் கையை மடக்கிக்கொள்கிறோம். காரணம், நம் வீடுகளில் ஓயாது ஒலிக்கும் ஒரு பேச்சு. “நம்ம ஊரிலே என்றால்...” என்று அது தொடங்கும். ஊரிலே தண்ணீர் இனிக்கும். ஊரிலே முருங்கைக்காய் மணக்கும். ஊரிலே மனிதர்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஊரை நினைப்பது குற்றமன்று. அந்நினைவு இல்லாதவன் இவ்விதழுக்குச் சந்தா கட்டவே மாட்டான். ஆயினும் அதே பேச்சு, நாற்பது ஆண்டுகளாக நமக்குச் சோறிடும் ஊரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கும் பழக்கமாகிவிடும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்கிறது: நம்மைச் சுற்றி இருப்பவர்களிடம் கற்றுக்கொள்ளத் தக்கது ஒன்றும் இல்லை என்பதை.

இது எத்துணைத் தவறான பாடம் என்பதற்கு மொழியையே எடுத்துக்கொள்வோம்.

மராத்தி நமக்கு முற்றிலும் அயல்மொழி என்று எண்ணி அஞ்சுகிற தாய்மார்கள், தாம் அன்றாடம் பேசும் தமிழையே சற்று உற்றுக் கேட்கவேண்டும். பாக்கி, வசூல், அசல், நகல், தயார், ஜாமீன், சிபாரிசு, ஜாஸ்தி என்று நாம் சொல்வனவெல்லாம் பாரசீகமும் அரபும் கலந்த அரசாங்கப் பேச்சின் வழியே தமிழில் வந்து குடியேறியவை. அதே சொற்கள் சிறிது உருமாறி மராத்தியிலும் வழங்குகின்றன. உஷார் என்றால் நமக்கு விழிப்பு. மராத்தியர்க்கு ஹுஷார் என்றால் கெட்டிக்காரன். ராஜிநாமா என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கையானது. நமக்கும் மராத்தியர்க்கும் அது வேலையை விடுவதற்கு எழுதிக் கொடுக்கும் கடிதம். இந்திக்காரர்களுக்கோ அது வழக்காடியவர்கள் சமாதானம் செய்துகொண்டதற்கான பத்திரம்! தில்லியிலிருந்து மாற்றலாகி வந்த அன்பர் ஒருவரிடம் “ராஜிநாமா ஆகிவிட்டது” என்று சொன்னால், அவர் மகிழ்ச்சி தெரிவிக்கவும் கூடும்.

இலக்கணத்திலும் ஓர் உறவு உண்டு. தமிழில் நாம் என்றால் கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறோம், நாங்கள் என்றால் அவரை விலக்கிவிடுகிறோம். இந்தியில் இந்த வேறுபாடு இல்லை. ஹம் என்ற ஒன்றே இரண்டுக்கும் நிற்கிறது. மராத்தியிலோ ஆபண் என்பது நம்முடைய நாம், ஆம்ஹீ என்பது நம்முடைய நாங்கள். குஜராத்தியிலும் இவ்வாறே. திராவிட மொழிகளோடு நெருங்கிப் பழகியதால் வந்தது இது என்று மொழிநூலார் பலர் கருதுகின்றனர். அன்றியும், நம் ‘ள’கரம் மராத்தியில் செழிப்பாக வழங்குகிறது. வடக்கேயிருந்து வருபவர் அந்த ஒலிக்குத் திண்டாடும்போது, நம் பாட்டிமார் அதை எளிதில் சொல்லிவிடலாம்.

இடர்ப்பாடுகள் இல்லாமல் இல்லை. உயிரற்ற பொருளுக்கெல்லாம் ஆண் பெண் என்று பால் வகுப்பது நமக்குப் புதிது. உயர்திணை அஃறிணை என்று பிரித்துப் பழகியவர்க்கு, இந்தியில் தண்ணீர் ஆண்பால், ரொட்டி பெண்பால் என்றால் சிரிப்பு வரும். மராத்தியில் மூன்று பால். வங்காளத்தில் குடியேறிய நம்மவர் பாக்கியசாலிகள். அங்கே வினைச்சொல்லுக்கு ஆண் பெண் வேறுபாடே இல்லை. எண்கள் வேறு தொல்லை. ஒன்று முதல் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே நெட்டுருச் செய்யவேண்டும். காய்கறிக்காரர் ஒரு விலை சொல்ல, நாம் வேறொன்றாக விளங்கிக்கொண்டு நிற்பது இதனால்தான். இதற்காக அவர்களைக் குறைசொல்லுமுன், ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று நாம் வைத்திருக்கும் விந்தையை ஒரு மராத்தியரின் செவிகொண்டு ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நன்று.

காண்டேகரின் பெயரை நம் மூத்த வாசகர்கள் அறிவார்கள். வி. ஸ. காண்டேகரின் நாவல்களைக் கா. ஸ்ரீ. ஸ்ரீ. மராத்தியிலிருந்து தமிழாக்கித் தந்தார். தமிழ்நாட்டு வாசகர்கள் அவரைத் தம் எழுத்தாளர் போலவே கொண்டாடினர். யயாதி என்ற அவருடைய நாவல் 1960இல் சாகித்திய அகாதெமியின் பரிசையும், 1974இல் ஞானபீடப் பரிசையும் அவருக்குத் தேடித் தந்தது. மதுரையிலும் கும்பகோணத்திலும் இருந்தவர்கள் காண்டேகரைத் தேடிப் படிக்க, அவர் எழுதிய மொழியே தெருவெல்லாம் ஒலிக்கும் நகரத்தில் வாழும் நாம் அவரை மூலத்தில் ஒரு பக்கமேனும் படித்தோமா? இக்கேள்வியை வீட்டுக்கு வீடு கேட்டுப் பார்க்கலாம்.

சமையலறையில் மட்டும் நம் தாய்மார்கள் சொல்லாமலே பலவற்றைக் கற்றுவிட்டார்கள். புளிக்குப் பதில் கோகம் போட்டால் குழம்பின் நிறமும் மணமும் வேறாகும் என்பதை அறிந்தவர்கள் பலர். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மீன்குழம்புக்கு இடும் குடம்புளிக்கு இந்தக் கோகம் நெருங்கிய சுற்றம் என்பதையும் அறிந்துகொண்டால் சுவை கூடும். தேங்காய்ப்பாலில் கோகத்தைக் கலந்து செய்யும் சோல்கடியை, உண்ட பின் அருந்தும் வழக்கம் நம் வீடுகள் சிலவற்றிலும் நுழைந்துவிட்டது. மராத்தியரின் கோடா மசாலாவில் தகட்பூல் என்று ஒரு பொருள் சேரும். தகட் என்றால் கல், பூல் என்றால் பூ. அது வேறொன்றுமன்று; செட்டிநாட்டு அடுக்களையில் உள்ள கல்பாசியேதான். அவர்கள் கல்லில் பூத்தது என்றனர், நாம் கல்லில் படிந்த பாசி என்றோம். குடீபாடவா அன்று அவர்கள் வேப்பந்தளிரும் வெல்லமும் சேர்த்து உண்கிறார்கள். சித்திரை முதல் நாள் நாம் வேப்பம்பூப் பச்சடி வைக்கிறோம். கசப்போடும் இனிப்போடும் ஆண்டைத் தொடங்கவேண்டும் என்ற எண்ணம் இரண்டு வீடுகளிலும் இருக்க, இடையில் ஒரு சுவர் மட்டும் நிற்கிறது.

பிற நகரத்து நேயர்கள், மும்பைப் பேச்சே பேசுகிறோம் என்று குறைப்படவேண்டாம். கல்கத்தாவுக்குச் செல்வோம்.

1907ஆம் ஆண்டு பதினெட்டு வயது நிரம்பிய தமிழ் இளைஞர் ஒருவர் அரசாங்கக் கணக்குத் துறையில் அதிகாரியாக அந்நகரத்துக்கு வந்தார். நல்ல சம்பளம், நிலையான உத்தியோகம். டிராம் வண்டியில் செல்லும்போது பௌபஜார் தெருவில் ஒரு பலகை அவர் கண்ணில் பட்டது. விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் என்று அதில் எழுதியிருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் வங்காள மருத்துவர் 1876இல் தோற்றுவித்த நிறுவனம் அது. இளைஞர் உள்ளே சென்றார். அன்று முதல், இடையில் ரங்கூனிலும் நாகபுரியிலும் பணியாற்றிய காலம் நீங்கலாக, காலையில் அலுவலகம் புறப்படுமுன்னும் மாலையில் கணக்குகளை மூடிய பின்னும் அங்கேயே ஆராய்ச்சி செய்தார். 1917இல் அந்த உத்தியோகத்தை விட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அவர் கண்ட உண்மையும், 1930இல் பெற்ற நோபல் பரிசும் உலகறிந்தவை. அவர்தாம் சர் சி. வி. ராமன்.

நாம் இங்கே சொல்ல வந்தது நோபல் பரிசைப் பற்றி அன்று. அந்த நிறுவனத்தில் ஆசுதோஷ் தே என்ற வங்காளி உதவியாளராகப் பணிபுரிந்தார். பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். கருவிகளை அமைப்பதிலும் சோதனைகளை நடத்துவதிலும் ராமனுக்கு வலக்கையாக இருந்தார். ராமன் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் சிலவற்றில், இவர் பெயரும் ஆசிரியர் பெயராக உடன் அச்சாயிற்று. உதவியவருக்கு ஒரு வேட்டி துண்டு வாங்கிக் கொடுத்து நன்றி தீர்த்துக்கொள்வது உலக வழக்கம். கற்றதில் அவருக்கும் பங்கு உண்டென்று அச்சில் எழுதி உலகின் முன் வைத்தது வேறு வகை நன்றி. ராமன் கற்றுக்கொண்ட இடங்களும் பெரிய இடங்கள் அல்ல. தெற்கே வாசிக்கும் மிருதங்கத்தையும் வடக்கே வாசிக்கும் தபலாவையும் எடுத்து வைத்துக்கொண்டு, தோலின் நடுவே அப்பும் கருஞ்சாந்து அதன் ஒலியைச் சுருதியுள்ள இசையாக மாற்றுகிற விதத்தை ஆராய்ந்தார். அதைப் பற்றிய கட்டுரை 1920இல் வெளிவந்தது. பெயர் தெரியாத கைவினைஞர் யாரோ, சோற்றையும் கரும்பொடியையும் குழைத்துப் பூசிக் கண்டுபிடித்து வைத்தது அது.

அதற்கும் முன்னே, 1898 முதல் 1902 வரை காசியில் தம் அத்தை வீட்டில் தங்கியிருந்தார் பாரதியார். வடமொழியும் இந்தியும் அங்கேயே பயின்றார். நாம் படங்களில் காணும் அந்தத் தலைப்பாகைப் பழக்கமும் காசியில் ஏற்பட்டதே.

வந்தேறியவர்கள் நாம் மட்டும் என்றும் எண்ணிவிடலாகாது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1855 வரை தஞ்சையை மராத்திய மன்னர்கள் ஆண்டார்கள். சிவாஜியின் தம்பி ஏகோஜியின் வழியில் வந்தவர்கள் அவர்கள். சரபோஜி மன்னர் சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தார். 1803இல் தம் குலத்தின் வரலாற்றை மராத்தியில் பெரிய கோயிலின் கல்லிலேயே வெட்டுவித்தார். ராசராசன் எழுப்பிய சுவரில் மராத்தி எழுத்து! அவர்களோடு வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் வீட்டில் தஞ்சாவூர் மராத்தியும் வெளியில் தமிழும் பேசி இன்றும் வாழ்கின்றன. நாம் இங்கே எவ்வாறோ, அவர்கள் அங்கே அவ்வாறு. அவர்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த அயல் வீட்டுக்காரர்கள் நம் முன்னோர்களாக இருந்திருப்பார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, “நன்றி, நன்றி என்கிறீர்களே, நாங்கள் பட்டதெல்லாம் மறந்துவிட்டதா?” என்று மூத்தவர் ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். 1966க்குப் பிந்திய ஆண்டுகளில், அன்றைய பம்பாயில் தென்னிந்தியர்க்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது, உணவகங்கள் தாக்கப்பட்டன. பெயர்ப்பலகையைப் பார்த்து வேலை மறுக்கப்பட்டதாகக் கூறியவர்கள் உண்டு. தெருவில் தமிழ் பேசவே அஞ்சியதாகச் சொன்ன முதியவர்களும் உண்டு. அவற்றை மறக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. நன்றியறிதல் வேறு, தலைகுனிந்து நயந்து வாழ்தல் வேறு. அடித்தவனுக்கு நன்றி சொல்லும்படி எந்த அறநூலும் விதிக்கவில்லை. ஆனால், அடித்தவன் செய்ததற்காக, அந்நாளிலும் நம் வீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளையோடு சேர்த்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற அண்டை வீட்டம்மையாரின் கணக்கை நாம் எதற்காக அழிக்கவேண்டும்? இரண்டையும் தனித்தனிப் பேரேட்டில் எழுதுவதே நேர்மையான கணக்கு.

இதில் நடைமுறைப் பயனும் உண்டு. ஒரு பொருளைக் கொடுத்தால் பெற்றவர் கடன்பட்டவராகிறார். அவர் மனத்தில் சிறு கூச்சமும் தங்கும். “எனக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்” என்று கேட்டாலோ, சொல்லிக் கொடுத்தவருக்கு நம்மேல் ஓர் உரிமையும் வாஞ்சையும் பிறந்துவிடுகின்றன. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் நகரமே அடைபட்டுக் கிடந்தபோது, மருந்து வாங்கவும் மருத்துவமனைக்கு வண்டி தேடவும் ஊரிலிருந்து எவரும் வர இயலாது போயிற்று. அடுத்த கதவைத் தட்டியவர்களே பிழைத்தார்கள். முப்பது ஆண்டுகள் ஒரே மாடியில் வாழ்ந்தும் அந்தக் கதவின் பின்னே இருப்பவர் பெயரை அறியாத வீடு எவ்வளவு தனித்திருந்திருக்கும்!

குழந்தைகளின் பொருட்டும் இது முக்கியமாகிறது. மகாராட்டிரத்தில் 2020இல் இயற்றிய சட்டத்தின்படி, எந்தப் பயிற்றுமொழிப் பள்ளியாயினும் மராத்தி கட்டாயப் பாடம். பள்ளியில் மராத்தி ஆசிரியை பாடம் நடத்த, வீட்டில் தந்தையார் அம்மொழியைப் பழித்துப் பேசினால், நடுவே நிற்கும் பிள்ளை எதைக் கற்கும்? இதே நகரத்தின் மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது என்பதைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லலாம். தமிழைக் காத்துக்கொள்ள அடுத்த மொழியை வெறுக்கவேண்டியதில்லை. வெறுப்பில் வளர்ந்த பிள்ளை பெரியவனானபின் இரண்டையும் விட்டுவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுவதைத்தான் பல வீடுகளில் பார்க்கிறோம்.

என் செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் வேண்டா. பால், காய்கறி, சலவைக் கணக்கு எழுதும் நோட்டு நம் வீடுகளில் பலவற்றில் இன்றும் இருக்கிறது. சிலர் கைப்பேசியில் எழுதுகிறார்கள், அதுவும் சரியே. அதில் ஓரமாய் ஒரு பத்தி ஒதுக்கி, இன்று புதிதாய்க் கற்றது இது, கற்பித்தவர் இன்னார் என்று ஒரு வரி எழுதி வரலாம். மீன்காரம்மா கடல்மீனுக்குச் சொன்ன பெயராயினும் சரி, மின்வேலைக்காரர் காட்டிய ஒரு முடிச்சாயினும் சரி, பேத்தி பாட்டிக்குக் கற்றுத் தந்த கைப்பேசி வித்தையாயினும் சரி. வாரத்தில் இரண்டு நாள் எழுத ஒன்றும் கிடைக்காமல் போகலாம். அன்று வெறுமனே விட்டுவிடுக. இட்டுக்கட்டி எழுதுவதில் பயனில்லை. மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது எந்தப் பெயர் அடிக்கடி வருகிறதோ, அந்த வீட்டுக்குத் தீபாவளிப் பலகாரத்தில் முதல் தட்டு போகட்டும்.

திருப்பிக் கொடுக்க நம்மிடம் என்ன உண்டு என்று சிலர் கேட்கக்கூடும். இட்டிலி மாவை எத்தனை நாழிகை புளிக்கவிடவேண்டும், மழைக்காலத்தில் எவ்வளவு கூடுதலாகவேண்டும் என்பது முதல் பல உண்டு. பில்டர் காப்பி ஒன்று போதும். மொழியிலோ, ‘ள’ அவர்களிடமும் இருக்கிறது. ‘ழ’ மட்டும் இல்லை. நாவை மடித்து மேலண்ணத்தைத் தொடாமல் எப்படி நிறுத்துவது என்று அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். வாழைப்பழம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தொடங்கினால், பெரியவர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைச் சரியாகச் சொல்கிறார்கள் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.